சொகுசுக் கப்பலில் உடம்புக்கு ஒத்துவரும் சாப்பாடு: டிக்கெட் போடுவதிலிருந்து இறங்கும் காலை வரை

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவு சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பல் பயணம் இப்போது தமிழ்க் குடும்பங்களுக்கு எட்டாத விஷயம் இல்லை. 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. விசா, துணிமணி, டாலர் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறோம். சாப்பாடு என்று வரும்போது மட்டும் "அங்கேதான் எல்லாம் இருக்குமே" என்று விட்டுவிடுகிறோம். இருக்கும். சிக்கலே அதுதான். விடிந்ததிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை ஏதாவது ஒரு தளத்தில் ஏதாவது ஒரு கவுண்டர் திறந்திருக்கும். காசும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்று வீட்டில் அளந்து சாப்பிடுகிறவர்கள்கூட மூன்றாம் நாள் காலையில் வீங்கிய காலோடும் மந்தமான வயிற்றோடும் எழுந்திருப்பதைப் பார்க்கலாம்.

என் கட்சி ஒன்றுதான். கப்பலில் நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது முன்வரிசையில் இருக்காது, கேட்டால் வரும். வெளியிடத்தில் வாய்விட்டுக் கேட்க நமக்குத்தான் கூச்சம். இந்த வழிகாட்டியில் பாதி, யாரிடம் எப்போது என்ன கேட்பது என்பதுதான்.

டிக்கெட் போட்ட கையோடு

எல்லாப் பெரிய கப்பல் நிறுவனங்களிலும் உணவுத் தேவையைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. சர்க்கரை குறைவு, உப்பு குறைவு, குளூட்டன் இல்லாதது, சைவம், ஜைன உணவு, ஹலால், ஒவ்வாமை என்று எதுவானாலும் முன்பதிவு எண்ணோடு தெரிவித்துவிடலாம். சரக்கு கப்பலில் ஏறுவதற்கு வெகுமுன்பே கணக்குப் போட்டு ஆர்டர் ஆகிவிடும். நடுக்கடலில் போய் வாங்கிவர முடியாது. ஆகவே கிளம்ப ஒன்றரை மாதமாவது இருக்கும்போது சொல்லிவிடுங்கள். ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்திருந்தால் "சொல்லிட்டேன் சார்" என்ற பதிலோடு விட வேண்டாம். நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி, அதை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய முறையில் முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு. இரண்டாவது எட்டு மணி வாக்கில். கொஞ்சம் சீக்கிரம் என்று தோன்றினாலும் முதல் பந்தியையே எடுங்கள். எட்டு மணிப் பந்தி என்றால் எழுந்திருக்கப் பத்தாகும். அதற்குள் பசி தாங்காமல் ஆறு மணிக்கு ஒரு பீட்சாத் துண்டு உள்ளே போயிருக்கும். ஆக, இரவுச் சாப்பாடு இரண்டு முறை.

பெட்டியில் என்ன வைக்கலாம்

நம்மவர்கள் சறுக்கும் இடம் இது. வீட்டில் செய்த புளியோதரை, சப்பாத்தி, தொக்கு இதையெல்லாம் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாக்கெட்டுகளுக்குப் பொதுவாகத் தடை இல்லை. மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் இரண்டும் கூடாது. கப்பலில் தீ என்றால் தப்பி ஓட இடமில்லை என்பதால் சூடேற்றும் சாதனங்களைச் சோதனையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.

அதனால் நான் சொல்லும் பட்டியல் சின்னது: சீல் போட்ட வறுகடலை அல்லது பாதாம், சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ் பாக்கெட் (வெந்நீர் பஃபேயில் கிடைக்கும்), கடையில் வாங்கிய இட்லிப்பொடி ஒன்று, இஞ்சி மிட்டாய். ஊறுகாய் வேண்டாம். கப்பல் சாப்பாட்டில் இருக்கும் உப்பே போதும் போதும் என்றிருக்கும்.

மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி உங்கள் அறை வாசலுக்கு வந்துசேர மாலையாகிவிடலாம். மதியச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை அதற்குள் சிக்கிக்கொள்ளும்.

ஏறிய அன்று மதியம்

கப்பலில் கால் வைத்ததும் கூட்டம் மொத்தமும் மேல்தளத்து பஃபேக்கு ஓடும். ராயல் கரீபியனில் இதற்கு விண்ட்ஜாமர் என்று பெயர். மற்ற கப்பல்களில் வேறு பெயர். நீங்கள் போகும் வழியில் வரவேற்பில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று மதியம் மெயின் டைனிங் ரூம் திறந்திருக்கிறதா?" சில கப்பல்களில் திறந்திருக்கும், அங்கே கூட்டமும் இருக்காது.

திறந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்று மாலைக்குள் அந்த டைனிங் ரூமின் ஹெட் வெயிட்டரைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் பதிவு செய்தது அவர் கையில் இருக்கும் பட்டியலில் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பல கப்பல்களில் வெயிட்டர், சமையற்காரர் என்று இந்தியர்கள் நிறைய இருக்கிறார்கள். "எனக்கு சுகர் இருக்கிறது, எண்ணெய் குறைவாக வேண்டும்" என்று சொன்னால் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்காது. சேவைக் கட்டணம் பெரும்பாலும் தினக்கணக்கில் பில்லில் ஏறிவிடுகிறது. கேட்பதற்குத் தயங்கத் தேவையில்லை.

பஃபே: தட்டை எடுக்காமல் ஒரு சுற்று

கல்யாணப் பந்தியில் இலையில் விழுவதைச் சாப்பிட்டே பழகியவர்கள் நாம்; பரிமாறுகிறவர் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார். பஃபேயில் நகர வேண்டியவர் நீங்கள். முதலில் கையை வீசிக்கொண்டு முழுச் சுற்று ஒன்று வாருங்கள். ரொட்டி, பேஸ்ட்ரி, பொரித்தது எல்லாம் வாசலை ஒட்டியும், பழம், கீரை, வேகவைத்த காய், சுட்ட மீன் எல்லாம் உள்ளே தள்ளியும் இருப்பது சகஜம். சுற்றி முடித்துவிட்டு, பெரிய தட்டை விட்டுவிட்டு ரொட்டிக்கு வைத்திருக்கும் சின்னத் தட்டை எடுங்கள்.

காலையில் நான் முதலில் நிற்பது ஆம்லெட் கவுண்டர். வெங்காயம், தக்காளி, காளான், குடைமிளகாய், கீரை, சீஸ் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் இருக்கும். பக்கத்தில் மஞ்சளாக ஒரு பெரிய பாத்திரத்தில் முட்டைக் கலவை, கூடவே எண்ணெயோ வெண்ணெயோ. சமையற்காரர் வரிசை நகர வேண்டுமே என்று கைக்கு வந்ததை ஊற்றுவார். "முழு முட்டை இரண்டு, எண்ணெய் கொஞ்சமாக, சீஸ் வேண்டாம், கீரையும் தக்காளியும் நிறைய" என்று சொல்லுங்கள். உடைத்து ஊற்றித் தருவார். அப்படிக் கேட்பவர்கள் வரிசையில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

ஆசியக் கவுண்டரில் காலையில் அரிசிக் கஞ்சி இருக்கும். வயிற்றுக்கு இதமானதுதான். ஆனால் பக்கத்தில் வைத்திருக்கும் உப்பு முட்டை, ஊறவைத்த காய், சோயா சாஸ் மூன்றும் சேர்ந்தால் பிரஷர்காரர்களின் ஒரு நாள் உப்பு அங்கேயே முடிந்துவிடும். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே. பன்றி இறைச்சித் துண்டுகள், சாசேஜ், புகையூட்டிய மீன், சூப், சீஸ், ஆலிவ் இவையெல்லாம் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள். இரண்டாம் நாள் மோதிரம் இறுகுகிறது என்றால் இந்தப் பக்கம் சந்தேகப்படலாம்.

சாலட் என்றதும் நல்லது என்று நம்பிவிட வேண்டாம். கீரை, வெள்ளரி, கொண்டைக்கடலை, ராஜ்மா வரை சரி. மயோனைஸ் சேர்ந்த டிரஸ்ஸிங் ஒரு மேஜைக்கரண்டிக்கே 70, 80 கலோரி வரும். அங்கே கிடக்கும் கரண்டியால் ஒரு தடவை ஊற்றினால் இரண்டு மூன்று மேஜைக்கரண்டி விழும். ஆலிவ் எண்ணெயும் வினிகரும் தனித்தனிக் குப்பியில் ஓரமாக நிற்கும், எலுமிச்சைத் துண்டு டீ வைத்திருக்கும் இடத்தில் கிடைக்கும்.

சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியக் கவுண்டர் இருக்கும். ஆனால் இந்தியா என்றால் அவர்களுக்கு வடக்குதான்: பருப்பு, ஜீரா சாதம், பனீர், நான், ராய்த்தா. சாம்பாரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பளபளவென்று க்ரீம் மிதக்கும் கறுப்புப் பருப்பையும் பனீர் கிரேவியையும் தாண்டி, மஞ்சள் பருப்பைப் பாருங்கள். நான் ரொட்டி மைதாவில் செய்தது, கேட்டால் சில இடங்களில் சப்பாத்தி போட்டுத் தருவார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு. ஆசியக் கவுண்டரில் வெறும் சாதம், காலைச் சாப்பாட்டுப் பகுதியிலிருந்து இனிப்புச் சேர்க்காத தயிர், சாலட் கவுண்டரிலிருந்து துருவிய கேரட்டும் வெள்ளரியும். தயிர் சாதம் தயார். இதை எந்த மெனுவிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

டைனிங் ரூம்: இங்கேதான் விஷயம் இருக்கிறது

பஃபேயில் நீங்களே எடுத்துக்கொள்வதால் அளவு உங்கள் கண்ணைப் பொறுத்தது. டைனிங் ரூமில் உட்கார்ந்த இடத்துக்குத் தட்டில் அளந்து வருகிறது. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிஷமாவது ஆகும். வயிறு நிறைந்ததை மூளை தெரிந்துகொள்ள அந்த நேரம் வேண்டும். டிக்கெட்டிலேயே அடங்கியது என்பதால் தனிச் செலவும் இல்லை. முடிந்தால் இரவுச் சாப்பாடு எல்லாவற்றையும் இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். கரைக்குப் போகாமல் கடலிலேயே கழியும் நாட்களில் காலையும் மதியமும்கூட இங்கே வரலாம்.

மெனுவில் விலை இருக்காது. தொடக்கம், முக்கிய உணவு, இனிப்பு என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு தொடக்க உணவைக் கேட்டு, அதில் ஒன்றை முக்கிய உணவாக வைத்துக்கொள்ளலாம். தொடக்கமும் இனிப்பும் இல்லாமல் மீன் மட்டும் கேட்கலாம். எதையும் பாதி அளவில் கேட்கலாம். மெனுவின் ஓரத்தில், தினமும் மாறாமல் கிடைக்கும் உணவுகள் என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும்: சுட்ட கோழி, சுட்ட மீன், சாலட் என்று எளிமையானவை. அன்றைய சிறப்பு எல்லாம் வெண்ணெயும் க்ரீமுமாக இருந்தால் அந்த ஓரத்துக்குப் போங்கள்.

வெயிட்டரிடம் சொல்ல வேண்டியவை: சாஸ் தனிக் கிண்ணத்தில், உருளைக்கிழங்குக்குப் பதில் வேகவைத்த காய், காயின் மேல் வெண்ணெய் வேண்டாம், ரொட்டிக் கூடையை மேஜையில் வைக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமானது. மெனுவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடான ரொட்டியும் வெண்ணெயும் வந்துவிடும். பேச்சுவாக்கில் மூன்று உருண்டை போய்விடும். யாருக்கும் சாப்பிட்ட ஞாபகமே இருக்காது.

இனிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேஜைக்கு ஒன்றோ இரண்டோ வரவழைத்து, ஆளுக்கு இரண்டு ஸ்பூன். சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக சர்க்கரை சேர்க்காத இனிப்பு என்று ஒன்று பல கப்பல்களில் உண்டு. அதில் மாவும் க்ரீமும் குறையாது. பெயரை நம்பி இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டாம். பழத்தட்டு கேட்டால் எப்போதும் வரும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் கண்டிப்பான பத்தியக்காரர்களுக்கும் இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. இரவு சாப்பிட்டு முடித்ததும் ஹெட் வெயிட்டர் மறுநாள் இரவுக்கான மெனுவைக் கொண்டுவந்து காட்டுவார். உங்களுக்கு எதை எப்படி மாற்றிச் செய்ய வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டால், சமையலறை மறுநாள் அதைத் தனியாகச் செய்து வைக்கும். அவர் தானாகக் கொண்டுவராவிட்டால் கேளுங்கள். சைவர்களும் இப்படியே "நாளை இரவு இந்திய சைவச் சாப்பாடு கிடைக்குமா, காரமாக?" என்று முந்தின இரவே சொல்லிவைத்தால், மெனுவில் இல்லாத கூட்டும் பருப்பும் வந்து நிற்கும். உட்கார்ந்தபின் கேட்டால் பாஸ்தாதான்.

காசு கட்டிச் சாப்பிடும் சிறப்பு உணவகங்களைப் பற்றி ஒரு வரி போதும்: ஸ்டேக், சுஷி என்று ருசிக்காகப் போகலாம், ஆரோக்கியத்துக்காகப் போக வேண்டியதில்லை. மாறாக, இலவசமாகவே லேசான உணவு தரும் சின்ன இடங்கள் சில கப்பல்களில் உண்டு. செலிப்ரிட்டி கப்பல்களின் அக்வாஸ்பா கஃபே, ராயல் கரீபியனின் பெரிய கப்பல்கள் சிலவற்றில் இருக்கும் சோலாரியம் பிஸ்ட்ரோ அப்படிப்பட்டவை. சோலாரியம் பெரியவர்களுக்கான பகுதி என்பதால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு உதவாது.

சைவர்கள் இரண்டாவது கேள்வியும் கேட்க வேண்டும்

மேற்கத்தியச் சமையலறையில் வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு. ஆசியச் சமையலில் காய்கறி வறுவல் என்று எழுதியிருந்தாலும் சிப்பி சாஸ், மீன் சாஸ், காய்ந்த இறால் இருக்கலாம். காய்கறி சூப் கோழி எலும்புச் சாற்றில் கொதித்திருக்கலாம். சீசர் சாலட் டிரஸ்ஸிங்கில் நெத்திலி சேரும். மூஸ், பன்னா கோட்டா மாதிரி தளதளக்கும் இனிப்புகளில் ஜெலட்டின். அது பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது, ஆகவே முஸ்லிம் வாசகர்களும் கவனிக்கவும். "இது சைவமா?" என்பதோடு நிறுத்தாமல், "எதில் வேகவைத்தது, சாஸில் என்ன?" என்று கேளுங்கள். வெயிட்டர் யோசித்தால், சமையலறையில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

குடிப்பது

பஃபேயில் இலவசமாக நிற்கும் இயந்திரங்களில் எலுமிச்சைச் சாறும் ஐஸ் டீயும் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்தான். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. மது அருந்துகிறவர்களுக்கு: ஆல்கஹாலில் கிராமுக்கு 7 கலோரி, அதன் மேல் காக்டெயிலின் சர்க்கரைப் பாகு. பானப் பேக்கேஜ் எடுத்தால் கொடுத்த காசுக்குக் குடித்தே தீர வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடும். இரண்டு மூன்று கிளாஸுக்கு மேல் போகாதவர்கள் அவ்வப்போது காசு கொடுத்து வாங்குவதே லாபம், உடம்புக்கும்.

தண்ணீருக்கு பாட்டில் வாங்க வேண்டியதில்லை. பெரிய கப்பல்களில் கடல்நீரை உப்பு நீக்கியும் துறைமுகத்தில் நிரப்பியும், சுத்திகரித்துச் சோதித்த தண்ணீர்தான் வருகிறது. காலி பாட்டில் ஒன்று எடுத்துப் போய் பஃபேயில் நிரப்பிக்கொள்ளலாம். வெயிலும் ஏசியும் மாறி மாறிப் படும் இடத்தில் தாகத்தையே பசி என்று நினைத்துப் பஃபேக்குப் போவது நிறைய நடக்கிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

அறையில் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் பல கப்பல்களில் வெறும் குளிர்ச்சிப் பெட்டிதான், இன்சுலினுக்குப் போதாது. மருந்து வைக்கத் தகுந்த ஃப்ரிட்ஜும் பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கும் டப்பாவும் முன்கூட்டிக் கேட்டால் தருவார்கள். கடிகாரத்தையும் கவனியுங்கள். புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று தினசரி அறிவிப்பில் பார்த்து மாத்திரை நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் தானாக மாறிக்கொள்ளும், நம்ப வேண்டாம். கரையில் வீட்டில் நடப்பதைவிடப் பல மடங்கு நடப்பீர்கள், சர்க்கரை இறங்கலாம். பையில் குளுக்கோஸும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கட்டாயம். மருந்தளவில் மாற்றம் எதுவானாலும் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கரையில் இறங்கும் நாள்

காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு இறங்குங்கள். பசியோடு இறங்கினால் முதலில் கண்ணில் படும் கடைதான் உங்கள் மதியச் சாப்பாடு. பஃபேயிலிருந்து ஆப்பிள், வாழைப்பழம் எடுத்துக்கொண்டு இறங்குவதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் போகும் கப்பலாக இருந்தால் மறந்துபோய்ப் பையில் கிடந்த ஒரு பழத்துக்கும் அபராதம் விழும். அறைக்கு எடுத்துப் போவதில் தடை இல்லை.

பினாங்கு நமக்கு வசதியான துறை. ஸ்வெட்டன்ஹாம் படித்துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் குவீன் தெருவில் இருக்கிறது. சுற்றியுள்ள தெருக்களில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு. மூன்று நாள் க்ரீமுக்குப் பிறகு ரசமும் கீரையும் வயிற்றை ஒரு வழிக்குக் கொண்டுவரும். நாசி கண்டார் நம் தமிழ் முஸ்லிம்கள் அங்கே உண்டாக்கிய சாப்பாடு. ருசிக்காமல் வர வேண்டாம், ஆனால் நாலு குழம்பையும் கலந்து ஊற்றுவதுதான் அங்கே வழக்கம். ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயை அதிகம் கேளுங்கள். தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீயில் கன்டென்ஸ்டு பால், செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பில் பனைவெல்லப் பாகு. ஒன்றை வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளலாம். புக்கெட்டில் சுட்ட மீனும் பப்பாளிக்காய் சாலட்டும் நல்ல தேர்வு. சாலட்டில் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்ல வேண்டும், சைவர்கள் மீன் சாஸ் வேண்டாம் என்றும்.

வயிறு கெடாமல் இருக்க

கப்பலில் பரவும் வாந்தி பேதிக்குப் பெரும்பாலும் நோரோவைரஸ்தான் காரணம். பஃபே வாசலில் இருக்கும் சானிடைசர் ஜெல் இந்த வைரஸிடம் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுவதுதான் வழி. எல்லாரும் தொட்ட கரண்டியைப் பிடித்துவிட்டு அதே கையால் ரொட்டியைக் கிள்ளிச் சாப்பிடுகிறோம் என்பதை நினைத்துக்கொண்டால் சோம்பல் வராது. சூடான பண்டம் 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும் குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கப்பல் சுகாதாரத் திட்டத்தின் விதி. நம்மிடம் வெப்பமானி இல்லை. ஆவி பறக்காத குழம்பையும், ஐஸ் மேல் வைக்காத மயோனைஸ் சாலட்டையும் தாண்டிப் போகலாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களுக்கு அந்தத் திட்டம் 100-க்கு மதிப்பெண் போட்டு இணையத்தில் வெளியிடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. சிங்கப்பூர் சீசன் முடிந்து அலாஸ்காவுக்குப் போகும் கப்பல்களும் இருப்பதால், நீங்கள் ஏறப்போகும் கப்பலின் பழைய மதிப்பெண் அங்கே கிடைக்கலாம்.

கடல் ஆட்டத்தில் தலை சுற்றினால் பட்டினி கிடக்காதீர்கள், வெறும் வயிற்றில் குமட்டல் கூடும். பச்சை ஆப்பிள், உப்பு பிஸ்கட், இஞ்சி டீ. கேட்டால் அறைக்கே கொண்டுவந்து தருவார்கள்.

இறங்கும் காலை

கடைசி இரவே பெட்டியை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் காலை மாத்திரை, ஓட்ஸ், குளுக்கோஸ் மூன்றையும் அதற்கு முன் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அன்று காலைச் சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடும், பஃபேயில் நிற்க இடம் இருக்காது; டைனிங் ரூம் திறந்திருந்தால் அங்கே போய் முட்டையும் பழமும் சாப்பிட்டுவிட்டு இறங்கலாம். சாங்கி விமான நிலையத்தில் மாலை விமானம் என்றால் இடையில் ஒரு மதியச் சாப்பாடு இருக்கிறது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கீரையோடு ஒரு அளவுச் சாப்பாடு கிடைக்கும். சாதத்தைப் பாதியாகப் போடச் சொல்லுங்கள்.